40 வயது மாமரம், சமையலறைக் கூரைமேல் கிளை: மொட்டை அடிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

கொல்லைப்புறம் | 12 ஜூலை 2024

எல்லோருக்கும் வணக்கம். கடலூர், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் ஒரு மாமரம். தாத்தா 1983-ல் கொட்டை போட்டு முளைக்க வைத்தது. நாட்டு மா. பழம் நாராக இருக்கும், ஆனால் ஊறுகாய்க்கு எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு இந்தக் காய்தான் போகிறது. அடிமரத்தை ஒரு ஆள் கட்டிப் பிடித்தால் கை எட்டாது. உயரம் இரண்டு மாடிக்கு மேல்.

பிரச்சினை இதுதான். கிழக்குப் பக்கத்துப் பெரிய கிளை சமையலறையின் ஓட்டுக் கூரைமேல் படுத்திருக்கிறது. தெற்கே சின்னக் கொப்புகள் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரைத் தொடுகின்றன. மேற்கே பக்கத்து வீட்டு மாடியில் இலை கொட்டி, மழைத் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. அவர்கள் நல்ல மனிதர்கள், சண்டைக்கு வரவில்லை, ஆனால் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டார்கள். இது போதாதென்று 2011 தானே புயலில் முறிந்த ஒரு கிளையின் மிச்சம் அழுகிப் பொந்தாகிவிட்டது. உச்சியில் இரண்டு இடத்தில் புல்லுருவி வேறு.

மரம் வெட்டுகிறவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேல மொத்தமா மொட்டை அடிச்சிடலாம்மா, மறுபடி தழைஞ்சிடும். கூலி வேண்டாம், கட்டையை நான் எடுத்துக்கறேன்" என்றார். தம்பி, அடியோடு எடுத்துவிடு என்கிறான். அம்மா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவருக்கு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரம் மாடி | 12 ஜூலை 2024

அக்கா, மனசு கஷ்டம் புரிகிறது. ஆனால் உங்கள் தம்பி சொல்வதையும் யோசியுங்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவில் நின்ற மயிற்கொன்றை வேரோடு சாய்ந்து எதிர்வீட்டு முன்பக்கச் சுவரை உடைத்தது. அந்தத் திண்ணையில் வழக்கமாகப் பாட்டி உட்கார்ந்திருப்பார். அன்று உள்ளே இருந்ததால் பிழைத்தார். கடற்கரை ஊரில், பொந்து விழுந்த மரத்தை ஓட்டுக் கூரைமேல் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு இடத்தில் ஒரு கன்று வையுங்கள்.

கயிறும்ரம்பமும் | 13 ஜூலை 2024

வணக்கம் அக்கா. கோயம்புத்தூரில் பதினாறு வருடமாக மரம் ஏறிக் கிளை கழிப்பதுதான் என் தொழில். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. மொட்டை அடிப்பது கவாத்து (மரத்துக்கு நல்லதாகக் கிளை கழிப்பது) கிடையாது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். இலைதான் மரத்துக்குச் சமையல்கட்டு. மொத்தமாக எடுத்துவிட்டால் வேருக்குச் சாப்பாடு போகாது. மரம் பதறிப்போய், சேமித்து வைத்ததையெல்லாம் செலவழித்து, வெட்டின கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்து விடும். அதைப் பார்த்துத்தான் "தழைஞ்சிடுச்சு" என்கிறார்கள். அந்தப் போத்துகள் மரத்தின் உள்ளிருந்து வளர்ந்த கிளைகள் அல்ல. மேல்பட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறவை. நான்கைந்து வருடத்தில் ஒவ்வொன்றும் கைத்தடிமன் ஆகும், அதற்குக் கீழே வெட்டின கட்டை மக்கிக்கொண்டே வரும். காற்று ஒரு திருகு திருகினால் அடியோடு பிய்ந்துவிடும். கூரைக்கு ஆபத்து என்று மொட்டை அடித்த மரம் ஆறாவது வருடம் முன்னைவிட ஆபத்தாக நிற்கும். நான் ஏறுகிற வேலைகளில் பாதி, முன்பு யாரோ மொட்டை அடித்ததைச் சரிசெய்கிற வேலை.

"கூலி வேண்டாம், கட்டை போதும்" என்றால், அவர் விலை பேசியது கட்டைக்கு என்று அர்த்தம். கட்டை எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு வெட்டுவார். கூலி கொடுத்து, எந்தக் கிளை, எந்த இடத்தில் என்று சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டி வேலை வாங்குங்கள்.

இனி எங்கே அறுப்பது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தை அருகில் போய்ப் பாருங்கள். வளையல் போட்ட மாதிரி கொஞ்சம் தடித்து, பட்டை சுருங்கி மடிந்து இருக்கும். நாங்கள் அதைக் கழுத்து என்போம். புண்ணை மூடுகிற திசு அங்கிருந்துதான் வருகிறது. அதனால் கழுத்துக்கு வெளியே, அதை ஒட்டி அறுக்க வேண்டும். "மொழுமொழுன்னு இருக்கட்டும்" என்று அடிமரத்தோடு வழித்து அறுத்தால் கழுத்தே போய்விடும். பயந்துகொண்டு ஒரு அடி கட்டை விட்டாலும் தப்பு. அது காய்ந்து, அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். உங்கள் பொந்து அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கனமான கிளையை மூன்று அறுப்பாக எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து கால்வாசி ஆழம் ஒரு அறுப்பு. அதற்கு இன்னும் சற்று வெளியே, மேலிருந்து முழு அறுப்பு. இப்போது கனம் முழுக்கக் கீழே போயிருக்கும். மிஞ்சிய கட்டையைக் கழுத்தில் நிதானமாக அறுக்கலாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு புங்கன் மரத்தில் கீழ் அறுப்பு போடாமல் மேலிருந்தே அறுத்துவிட்டேன். கிளை பாதியில் முறிந்து, வாழைநார் உரிவது போல நான்கு அடிக்குப் பட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பக்கம் அந்த மரம் தேறவே இல்லை.

கூரைமேல் இருக்கும் கிளையை மொத்தமாக எடுக்க வேண்டியதில்லை. பாரத்தைக் குறைத்தால் போதும். நடுவில் அறுக்காதீர்கள். அந்தக் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிற பக்கக் கிளை எங்கே பிரிகிறதோ, அதுவரை வந்து அங்கே அறுங்கள். அந்தப் பக்கக் கிளை புதிய நுனியாகிவிடும். ஒரு முறையில் மொத்தப் பச்சையில் கால்வாசிக்கு மேல் எடுக்கவே கூடாது. 40 வயது மரத்துக்கு அதையும் குறைத்து, இரண்டு மூன்று வருடமாகப் பிரித்துச் செய்வது நல்லது.

தோட்டக்கலை68 | 13 ஜூலை 2024

மேலே எழுதிய தம்பி சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. நான் தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

காலம் முக்கியம். மாவுக்குக் கவாத்து என்றால் காய் பறித்து முடித்த பின். கொப்பு துளிர்த்து முற்றினால்தான் மார்கழி, தையில் அதன் நுனியில் பூ வரும். ஐப்பசி மழைக்குமுன் வெட்டுவாயும் காய வேண்டும். ஆகவே ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். வரும் வருடம் காய் குறையும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அறுத்த இடத்தில் போர்டோ பசை தடவுங்கள். வீட்டுக்கு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர் போதும். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் அரை லிட்டரில் கரைத்துப் பிறகு கலக்குங்கள். இரும்பு, தகரம் கூடாது. கலந்த பின் சுத்தமான அரிவாள் முனையை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

இன்னொன்று தண்டுத் துளைப்பான். வெட்டுவாய் திறந்து கிடக்கும் பழைய மாமரத்தைத் தேடி வரும். அடிமரத்தில் துளையும், கீழே மரத்தூள் போலச் சக்கையும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. விரல் நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று இருக்கும். சைக்கிள் ஸ்போக்கின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு இழுத்து எடுத்துவிட்டு, துளையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். குடியிருக்கும் வீட்டில் செல்பாஸ் என்கிற நச்சுப் புகை மாத்திரை வைக்கிற வேலையே வேண்டாம். அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

மொட்டை அடிப்பது பற்றி ஒரு விளக்கம். லக்னோவில் உள்ள மத்திய துணை வெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம், காய்ப்பு ஓய்ந்த பழைய மாந்தோப்புகளைக் கிளைகளைக் குறைத்து வெட்டிப் புதுப்பிக்கும் முறையைச் சொல்லித் தருகிறது. அதைக் காட்டி "அரசாங்கமே வெட்டச் சொல்லுது" என்று சிலர் வாதாடுவார்கள். அது தோப்புக்கு. வெட்டிய பின் வருகிற போத்துகளில் நல்லதாகச் சிலவற்றை மட்டும் வைத்து மற்றதைக் கழித்து, துளைப்பானைக் கண்காணித்து, எரு வைத்து, இரண்டு மூன்று வருடம் குழந்தையைப் போலப் பார்க்க வேண்டும். வெட்டிவிட்டு வண்டி ஏறிப் போகிறவரால் அது நடக்காது.

கயிறும்ரம்பமும் | 13 ஜூலை 2024

ஐயா, பசை விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன், மன்னிக்கவும். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, வெட்டுவாயின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர். மரத்தின் புண் நம் புண்ணைப் போல ஆறுவதில்லை என்று 1970-களிலேயே எழுதினார். கெட்டுப்போன பகுதியைச் சுற்றி மரமே உள்ளுக்குள் சுவர் எழுப்பிக்கொள்கிறது, வெளியே புதுத் திசு வளர்ந்து மூடுகிறது. மேலே தடவுகிற தாரும் பெயிண்டும் அழுகலை நிறுத்தவில்லை, ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளே மறைத்தன, அவ்வளவுதான். கழுத்தில் சரியாக அறுத்தால் பசையே தேவையில்லை என்பது என் அனுபவம்.

தோட்டக்கலை68 | 14 ஜூலை 2024

தாரும் பெயிண்டும் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம் தம்பி. ஆனால் ஷைகோ பார்த்தது குளிர்நாட்டு மரங்களை. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை பத்து நாள் விடாமல் கொட்டும்போது மாவின் வெட்டுவாயில் பூஞ்சை எப்படி ஏறுகிறது என்று நான் தோப்பு தோப்பாகப் பார்த்திருக்கிறேன். தாமிரப் பசை ஈரத்தைப் பிடித்து வைக்காது. என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பண்ருட்டி பலா | 14 ஜூலை 2024

கடலூர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே கரையேறியது. எங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் படுத்த படுக்கையாகக் கிடந்ததை நேரில் பார்த்தவன். எங்கள் தோப்பில் எது நின்றது, எது விழுந்தது என்று அப்பா நடந்து நடந்து பார்த்தார். அவர் காட்டியதைச் சொல்கிறேன்.

கவட்டை. இரண்டு பெரிய கிளை பிரியுமிடம் அகலமாகக் கிண்ணம் போல வளைந்திருந்தால் தாங்கியது. இடுக்கி போலக் குறுகி, நடுவில் பட்டை உள்ளே மடிந்து புதைந்திருந்த கவட்டைகள் வரிசையாகப் பிளந்தன. பட்டை நடுவில் இருந்தால் அந்த இரண்டு கிளையும் ஒட்டவே இல்லை, சும்மா உரசிக்கொண்டு நிற்கின்றன. உங்கள் மரத்தில் அப்படிக் கவட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது குடுமி. ஏறுகிறவர்கள் கைக்கு எட்டுகிற உள்கொப்புகளையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் கொத்தாக விட்டுவிடுவார்கள். பார்க்க வெளிச்சமாக இருக்கும், காற்று உள்ளே புகுந்து போகும் என்பார்கள். கனம் முழுக்க நுனிக்குப் போய்விடுவதால் கிளை தூண்டில் கழி மாதிரி வளைந்து ஆடும், முறியும். உள்ளே இருக்கும் சின்னக் கொப்புகளை விட்டுவிட்டு நுனிப் பாரத்தைக் குறைக்க வேண்டும். அது சிரமமான வேலை, அதனால்தான் யாரும் செய்வதில்லை.

பலா வைத்திருப்பவர்களுக்கு: அடிமரத்தில் முண்டு முண்டாக இருப்பதை அசிங்கம் என்று செதுக்கிவிடாதீர்கள். காய் அங்கிருந்துதான் வரும்.

கொல்லைப்புறம் | 15 ஜூலை 2024

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தானேக்கு அப்புறம் அந்தக் கிளையை ஆள் வெச்சு நறுக்கினப்போ முழம் கட்டையை விட்டுட்டுப் போயிட்டான்" என்று அவரே ஞாபகப்படுத்தினார். கயிறும்ரம்பமும் சொன்னது அப்படியே.

இன்று காலை ஏணி வைத்து ஏறிப் பொந்தைப் பார்த்தேன். என் முழங்கை வரை உள்ளே போகிறது. அடியில் ஈரமான கறுப்பு மண் போல மக்கியிருக்கிறது. மைனா இறகு இரண்டு கிடந்தது. வாய் ஓரத்தில் பட்டை சுருண்டு, தடித்து, உதடு போல உள்ளே மடிந்திருக்கிறது. இதை சிமெண்ட் வைத்து அடைத்துவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமா. செய்யலாமா?

கவட்டையும் பார்த்தேன். முக்கியமான கவட்டை அகலமாகத்தான் இருக்கிறது. மேற்குப் பக்கம் ஒன்று மட்டும் இடுக்கி மாதிரி.

கயிறும்ரம்பமும் | 15 ஜூலை 2024

சிமெண்ட் வேண்டவே வேண்டாம் அக்கா. மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. உள்ளே உரசி உரசி, மரம் எழுப்பிய சுவரை உடைக்கும். நாளைக்கு யாராவது அறுக்க நேர்ந்தால் ரம்பச் சங்கிலி அறுந்து முகத்தில் அடிக்கும். உள்ளே சுரண்டவும் வேண்டாம், தண்ணீர் வடியட்டும் என்று துளை போடவும் வேண்டாம். அப்படியே விடுங்கள். அந்த உதடுதான் மரம் தன்னால் முடிந்ததைச் செய்கிறது என்பதற்கு அடையாளம்.

ஆபத்தா என்று அறிய, அடிமரத்தை மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். கெட்டியான இடம் 'டக்' என்று ஒலிக்கும், பொந்தான இடம் பானையைத் தட்டுவது போலக் கேட்கும். பொந்தைச் சுற்றி நல்ல மரம் எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கணக்கு. மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல மரம் சுற்றிலும் இருந்தால் பொதுவாகத் தாங்கும் என்பார்கள். அதற்குக் குறைந்தால் நேரில் ஒருவர் வந்து பார்ப்பது அவசியம்.

வேம்படி | 16 ஜூலை 2024

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். மதுரையில் எங்கள் வாசல் வேப்பமரம் போன வருடம் மழைக்குப் பிறகு நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. மொத்த மரமும் தீயில் வாட்டிய மாதிரி. செத்துவிட்டது என்று வெட்ட ஆள் பேசியாயிற்று. பங்குனியில் திடீரென்று துளிர்த்துவிட்டது. இந்த வருடமும் வந்தால் வெட்டலாமா, மருந்தடிக்கலாமா?

தோட்டக்கலை68 | 16 ஜூலை 2024

வெட்டாதீர்கள். அது வேம்பின் நுனிக்கருகல் நோய். ஒரு பூஞ்சையும், துளிரில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் சேர்ந்து செய்யும் வேலை. சில வருடங்களாகத் தெலங்கானாவிலும் நம் பக்கமும் நிறையக் காண்கிறது. வயதான மரம் பெரும்பாலும் மீண்டுவிடும். சந்தேகம் வந்தால் கொப்பில் கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனியை மட்டும் கழித்து எரித்துவிடுங்கள். வீட்டு உயரத்துக்கு மேல் போன மரத்துக்கு மருந்தடிப்பது மரத்தைவிடத் தெருவுக்குத்தான் அதிகம் போய்ச் சேரும்.

நெட்டைத்தென்னை | 17 ஜூலை 2024

பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் ஊரே தென்னையை இழந்தது, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றே ஒன்று. வீட்டில் தென்னை வைத்திருப்பவர்கள் பயந்துகொண்டு பச்சை மட்டையை வெட்டுகிறார்கள். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும்தான் பாளை வருகிறது. மாதம் ஒரு மட்டைதான் புதிதாக வரும். நான்கு பச்சை மட்டையை வெட்டினால் நான்கு மாதத்து உழைப்பு போச்சு, குலையைத் தாங்கவும் ஆள் இல்லை. காய்ந்து தொங்குவதை மட்டும் இழுத்துவிடுங்கள். ஏறுவதற்குக் கொத்துக் கொத்தாகப் படி வெட்டுவதும் கூடாது. மாமரம் காயத்தை மூடிக்கொள்ளும், தென்னை மூடாது. அரிவாள் பட்ட இடம் ஆயுசுக்கும் அப்படியே இருக்கும், சிவப்புக் கூன்வண்டுக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி.

தாம்பரம் மாடி | 18 ஜூலை 2024

எல்லாவற்றையும் வாசித்தேன். அடியோடு எடுக்கச் சொன்னதை நான் திரும்பப் பெறுகிறேன் அக்கா. எங்கள் தெரு மயிற்கொன்றை ஏன் விழுந்தது என்று இந்த மூன்று நாளாக யோசித்தேன். அதற்கு முந்தின வருடம் சாக்கடைக்குத் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் முழுவதையும் பொக்லைன் வைத்து இழுத்துவிட்டார்கள். அது கிளையில் வந்த குறை இல்லை.

இன்னொன்றும் நினைவு வந்தது, இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலேயே ஒரு நல்ல ஒட்டு மா இருந்தது. தெருவில் ரோடு போடப் போட உயரம் ஏறிக்கொண்டே போனது. மழைத் தண்ணீர் வாசலுக்குள் வந்ததால் கட்டட இடிபாடும் கிராவலும் கொட்டி முற்றத்தை இரண்டு அடி உயர்த்தி, மேலே பேவர் கல் பதித்தோம். மரத்தின் அடியைச் சுற்றி ஒரு சாண் கூட இடம் விடவில்லை. ரெண்டு வருடத்தில் இலை சிறுத்தது, உச்சி காய்ந்தது, மூன்றாம் வருடம் போய்விட்டது. எங்களுக்குக் காரணமே தெரியவில்லை. நோய் என்று நினைத்து மருந்துக்கடைக்கு அலைந்தோம்.

கயிறும்ரம்பமும் | 18 ஜூலை 2024

இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி அண்ணே. நான் பார்க்கிற சாகும் மரங்களில் நிறைய இப்படித்தான். உணவும் நீரும் எடுக்கிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணில்தான் இருக்கிறது, கிளை விரிப்பையும் தாண்டிப் போகிறது. மேலே இரண்டு அடி இடிபாடு கொட்டினால் அதற்கு மூச்சு முட்டும். அடிமரம் மண்ணோடு சேருமிடம் யானைக் கால் போல விரிந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் போனால், மண் ஏறிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் விலக்கிவிடுங்கள்.

கொடை மேகம் | 20 ஜூலை 2024

மலையில் இருப்பவர்கள் கவனிக்க: நம் பகுதிகளுக்கு 1955-ஆம் வருடத்து மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமே ஆனாலும் அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. சமவெளியில் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொல்லைப்புறம் | 9 செப்டம்பர் 2024

வேலை நேற்று முடிந்தது. ஆடி முழுக்கக் காத்திருந்தோம்.

பண்ருட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், அண்ணன் தம்பிகள். கட்டை எங்களுக்கே, கூலி தனி என்று முன்பே பேசிக்கொண்டோம். வெட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அம்மா கீழே நின்று சொல்ல, நான் முந்தின நாளே தொரட்டி நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்பு தொட்டுக் குறி வைத்திருந்தேன். மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்திருந்ததால் லைன்மேன் வந்து சர்வீஸ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் தெற்குக் கொப்பில் கை வைத்தார்கள்.

முதலில் தம்பி மட்டும் கயிற்றோடு ஏறினார். ஏறின வேகத்தில் இறங்கிவிட்டார். முசுறு. இலைகளைச் சேர்த்துத் தைத்து ஏழெட்டுக் கூடு. அந்தக் கூடு இருந்த சின்னக் கொப்புகளைத் தொரட்டியால் மெதுவாக வளைத்து ஒதுக்கிக் கட்டிவிட்டு, உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு மறுபடி ஏறினார். மற்றப் பூச்சிகளைத் தின்கிற எறும்பு, கூட்டைக் கலைக்க வேண்டாம் என்று அவரே சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

புல்லுருவியை அன்றுதான் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். மாங்கொப்பில் முஷ்டி அளவுக்கு வீங்கிய ஒரு முடிச்சு, அதிலிருந்து தடித்த இலைகள், நீளக் குழல் போன்ற செம்மஞ்சள் பூ. பழத்தைப் பூக்கொத்திக் குருவி தின்றுவிட்டு, பிசுபிசுப்பு விடாமல் வாலைக் கொப்பில் தேய்க்குமாம். விதை அங்கேயே ஒட்டிக்கொண்டு முளைக்குமாம். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் மறுபடி வந்துவிடும், வேர் கொப்புக்குள் ஓடியிருக்கும் என்று முடிச்சுக்கு ஒரு முழம் கீழே சேர்த்து அறுத்தார்கள்.

கிழக்குக் கிளையை எடுக்கவில்லை. நுனிப் பாரத்தை மட்டும் மூன்று இடத்தில் பக்கக் கிளை வரை குறைத்தோம். கயிறு கட்டி இறக்கியதால் ஒரு ஓடுகூட உடையவில்லை. பழைய பொந்துக் கட்டையின் காய்ந்த மிச்சத்தை உதடு படாமல் அறுத்தார்கள். பெரிய வெட்டு மொத்தம் மூன்று. தோட்டக்கலைப் பெரியவர், கயிறும்ரம்பமும் தம்பி இருவர் சொன்னதையும் மதித்து, இரண்டில் போர்டோ பசை, ஒன்றைச் சும்மா விட்டிருக்கிறேன். மேற்கே இடுக்கிக் கவட்டையை இந்த வருடம் தொடவில்லை. இந்த அளவு போதும் என்றார் அம்மா.

ஒரு எச்சரிக்கை. மாம்பால் அண்ணனின் முன்கையில் பட்டு மாலைக்குள் கொப்புளித்துவிட்டது. வேலை செய்கிறவர்களுக்கு முழுக்கைச் சட்டையும், தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெயும் கொடுத்து வையுங்கள். எனக்கு முன்பே தோன்றவில்லை, வருத்தமாக இருக்கிறது.

இலையும் சின்னக் கொப்பும் வெளியே போடவில்லை. மரத்தைச் சுற்றி நாலு விரல் தடிமனுக்கு மூடாக்காகப் பரப்பிவிட்டோம், அடிமரத்தை ஒட்டாமல் ஒரு முழம் விட்டு.

பண்ருட்டி பலா | 9 செப்டம்பர் 2024

வாசிக்கவே நிறைவாக இருக்கிறது. மூடாக்கை அடிமரத்தில் குவிக்காமல் விட்டீர்களே, அது ரொம்பச் சரி. பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள்?

கொல்லைப்புறம் | 10 செப்டம்பர் 2024

அவர்களும் வந்து நின்று பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் எடுத்தோம், கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. குழாய் வாயில் கம்பி வலை ஒன்றை எங்கள் செலவில் போட்டுக் கொடுத்தேன். காய் வரும்போது முதல் கூடை அவர்களுக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டார்.

கொல்லைப்புறம் | 6 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நவம்பர் 30 இரவு முழுக்க நானும் அம்மாவும் தூங்கவில்லை. காற்று தானே அளவுக்கு இல்லை, மழைதான் அப்படி ஒரு மழை. மண் முழுக்க ஊறிப்போய் அடிமரம் ஆடுகிறதா என்று டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன். விடிந்ததும் கீழே கிடந்தது கை நீளத்துக்கு நாலைந்து கொப்பு, ஒரு முசுறுக் கூடு. கூரை அப்படியே இருக்கிறது.

தெரு முனையில் இரண்டு வருடத்துக்கு முன் மொட்டை அடித்த தூங்குமூஞ்சி மரத்தில் போத்துகள் மூன்று அடியோடு பிய்ந்து ரோட்டில் கிடந்தன. வெட்டின கட்டையின் நடுவே கருத்த அழுகல் கிண்ணம் போலத் தெரிந்தது. கயிறும்ரம்பமும், நீங்கள் எழுதியதை அப்படியே கண்ணால் பார்த்தேன்.

கயிறும்ரம்பமும் | 6 டிசம்பர் 2024

நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பதே சந்தோஷம் அக்கா. தண்ணீர் வடிந்ததும் வேர்ப்பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வெட்டுவாய் எப்படி இருக்கிறது?

கொல்லைப்புறம் | 21 ஏப்ரல் 2025

தாமதத்துக்கு மன்னிக்கவும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டார். மண் எங்கும் தூக்கவில்லை.

தையில் பூ பாதிதான் வந்தது, கிழக்குப் பக்கம் பூவே இல்லை, துளிராகப் போய்விட்டது. காய் இந்த வருடம் ஊறுகாய்க்கு எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மட்டும் வரும். தண்டுத் துளைப்பான் ஒன்று வந்தது, மாசியில். சக்கையைப் பார்த்ததும் ஸ்போக் விட்டு எடுத்தேன்.

மூன்று வெட்டிலும் விளிம்பு தடித்துச் சுருண்டு வந்திருக்கிறது. நூல் வைத்து அளந்தேன். பசை தடவிய இரண்டில் ஒன்று சுண்டுவிரல் தடிமன், இன்னொன்று அதில் பாதி. சும்மா விட்டது சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே மரத்தில் மூன்று வெட்டை வைத்துப் பெரியவர் சரியா தம்பி சரியா என்று என்னால் சொல்ல முடியாது. பாதியாக இருப்பது நிழல் பக்கம், கழுத்தில் ரம்பம் லேசாக உள்ளே இறங்கிய வெட்டு.

போத்துகள் கிழக்குக் கிளையில் பதினொன்று வந்தன. வெளிப்பக்கம் பார்த்து நிற்கிற மூன்றை வைத்துக்கொண்டு மீதியை இளசாக இருக்கும்போதே கையால் கிள்ளிவிட்டேன். பொந்தில் மறுபடி மைனா குடியேறியிருக்கிறது. குஞ்சு பறந்து போகும் வரை அந்தப் பக்கம் ஏணி வைப்பதில்லை. மேற்குக் கவட்டையை ஆவணியில் பார்க்க அண்ணன் தம்பி இருவரையும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.